துண்டு போட்ட இடம்

அந்த நம்பர எழுதிக்கிட்டதப் பாத்தேன். கோவிச்சுக்காத தங்கச்சி, பக்கத்துல உக்காந்திருக்கேன், கண்ணு தன்னால போயிருச்சு. அது பழைய நம்பரு. அடிச்சா யாரும் எடுக்க மாட்டாங்க. இந்த ரூட்டுல எல்லா பஸ்லயும் சீட்டுக்குப் பின்னாடி இந்த ஸ்டிக்கரு ஒட்டியிருக்கு. 'குடியை நிறுத்த விருப்பமா?'ன்னு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக நகத்தால சொரண்டிச் சொரண்டி பாதி எழுத்து போயிருச்சு. புது நம்பரு எங்கிட்ட இருக்கு, எறங்குறதுக்குள்ள தர்றேன்.

இந்தப் பக்கமாத் திரும்பிப் பேசு தாயி. இடது காது கேக்காது. அத மில்லுக்குக் குடுத்தாச்சு. நூலு சுத்துற கோன் வைண்டிங்ல நிக்கிறேன் வருசக்கணக்கா. அங்க மெஷினு ஓடற சத்தத்துல பக்கத்துல இருக்கறவ கத்துனாலும் வாய் அசையறதுதான் தெரியும். அதான் நானும் சத்தமாப் பேசுறேன். பஸ்ஸே கேக்குதா? கேக்கட்டும்.

யாருக்கு? வீட்டுக்காரரா, தம்பியா? சரி, சொல்ல வேணாம். மடியில டிபன் கேரியர், கையில ஆஸ்பத்திரிச் சீட்டு. நான் என்ன கேக்க.

என் பேரு பஞ்சவர்ணம். நெலக்கோட்டைலருந்து ஞாயித்துக்கெழம தவறாம திண்டுக்கல் போறேன். நீ நம்பரு எழுதிக்கிட்டியே, அந்தக் கூட்டத்துக்குத்தான் போறேன். அப்பிடிப் பாக்காத. ஒரு சொட்டு தொட்டதில்ல நானு. வாசம் பட்டாலே குமட்டும். ஆனா அங்க போயிக் கேட்டுப் பாரு, பஞ்சவர்ணம்னா பெரிய குடிகாரி. ஒரு வருசமாக் குடிக்காம இருக்கற குடிகாரி. மெடலு குடுத்திருக்காங்க. இந்தா, பர்ஸுலயே கெடக்கு. கோயில்ல வாங்குன டாலரு மாதிரி இருக்குல்ல?

கத கேளு. ஒனக்கு ஒதவும்.

எங்க வீட்டுக்காரரு கொத்தனாரு. நல்ல வேலைக்காரரு. அவரு பூசுன செவுத்துல கைய வெச்சுப் பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும். குடி இல்லேன்னா தங்கமான மனுசன்னு எல்லாரும் சொல்லுவாங்க. குடி இல்லாம எப்ப இருந்தாருன்னு நான் கேட்டதில்ல. பேரு என்னன்னு கேக்காத. கட்டுனவன் பேரச் சொன்னா அவன் ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லிச் சொல்லி வளத்துருக்கு. ரேஷன் கடையில கேட்டாக்கூட கார்டத்தான் காட்டுவேன். இத்தன வருசத்துல ஒரு தடவகூட என் வாயில வந்ததில்ல.

இதே மாதிரி ஒரு பஸ்லதான் நானும் இந்த ஸ்டிக்கரப் பாத்தேன். போன் அடிச்சேன். ஒரு பெரியவரு எடுத்தாரு. ஆரோக்கியம்னு பேரு, தபால்காரரா இருந்து ஓய்வானவரு. "யாரும்மா குடிக்கிறது?"ன்னாரு. எங்க வீட்டுக்காரருன்னேன். "அவரா விருப்பப்பட்டு வரணும்மா. நாங்க யாரையும் இழுத்துட்டு வர்றதில்ல"ன்னாரு. அவரு வரமாட்டாரு சார்னேன். "அப்ப நீங்க வாங்க. குடிக்கிறவங்க வீட்டுல இருக்கறவங்களுக்குத் தனியா ஒரு கூட்டம் நடக்குது, வியாழக்கெழம சாயங்காலம்"ன்னாரு.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நோவு அவருக்கு, மருந்து எனக்கா? எனக்கு என்ன வந்துச்சு, நான் கல்லு மாதிரி இருக்கேன். அதுவும் போக வியாழக்கெழம எனக்கு ஷிப்ட்டு. அவருக்கு எப்ப சார் கூட்டம்னு கேட்டேன். ஞாயித்துக்கெழம, திண்டுக்கல் சர்ச் ஸ்டாப்புக்கிட்டன்னாரு. போன வெச்சுட்டேன்.

அன்னைக்குத்தான் எனக்கு ரோசன வந்துச்சு. எந்தம்பி சின்னப் பிள்ளையில அம்மை போட்டுக் கெடந்தப்ப எங்கம்மா தீச்சட்டி எடுத்துச்சு. எடுத்தது எங்கம்மா, எறங்குனது அவனுக்கு. எங்க பெரியம்மா பெரியப்பாவுக்காக மொட்ட போட்டுச்சு. முடி போனது இவளுக்கு, கண்ணு வந்தது அவருக்கு. மாரியாத்தா என்னைக்காவது, நீ யாரு, நோவுக்காரன் எங்கன்னு கேட்டுருக்காளா? ஒருத்தருக்காக இன்னொருத்தர் செஞ்சா செல்லும். அதான நம்ம வழக்கம். சரி, இந்தக் கூட்டத்தயும் அவருக்காக நாம போயிட்டு வருவம்னு நெனச்சேன். அவரு வர்ற வரைக்கும். பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் புடிக்கிறமா இல்லையா? ஆளு பின்னாடி மெதுவா ஏறி வருவாரு. துண்டு கெடந்தா போதும். நான் அவருக்குப் போட்ட துண்டு, அம்புட்டுத்தான்.

எடத்தக் கண்டுபிடிச்ச கதையக் கேட்டா சிரிப்ப. சர்ச் ஸ்டாப்புல எறங்கிட்டேன். என்னன்னு கேக்குறது? ஆட்டோக்காரருகிட்டப் போயி, "அண்ணே, குடிகாரங்க கூடற எடம் எது?"ன்னேன். அந்தாள் நேரா பாலத்தடியில இருந்த கடையக் காட்டுறாரு, "அந்தாத் தெரியுதும்மா, திருவிழாவே நடக்குது"ன்னு. "இல்லண்ணே, குடிக்காத குடிகாரங்க"ன்னேன். "அப்பிடியும் ஒரு சாதி இருக்கா?"ன்னு அவரு சவாரியப் பாத்துப் போயிட்டாரு. பழக்கடையில கேட்டேன், மருந்துக்கடையில கேட்டேன். மருந்துக்கடைப் பையன் என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு மாத்திர எடுத்துக் குடுக்க வந்தான். கடைசியில சர்ச்சக் கூட்டிக்கிட்டிருந்த ஒரு அக்காதான் சொல்லுச்சு, "அவங்களா? பின்னாடி பள்ளிக்கூடத்துல, ரெண்டாம் வகுப்புல."

ரெண்டாம் வகுப்புன்னா ரெண்டாம் வகுப்பேதான் தாயி. செவுத்துல ஆனை, ஒட்டகம், மயிலு படம். குட்டிக் குட்டி பெஞ்சு. அதுல எருமமாடு மாதிரி ஆம்பளைக, முழங்கால் தாவாக்கட்டையில முட்ட உக்காந்துருக்காங்க. ஒருத்தன் கோட்டு மாதிரி போட்டுருக்கான், ஒருத்தன் லுங்கியில வந்துருக்கான். பொம்பள ஒருத்தி இல்ல. நான் கதவோரமா நின்னேன். ஆரோக்கியம் சார் வந்து ஒரு முழு நாற்காலிய எனக்குக் குடுத்தாரு. டீச்சர் நாற்காலி. அந்த ரூம்ல இருந்ததே அது ஒண்ணுதான்.

ஒவ்வொருத்தரா எந்திரிச்சு பேரச் சொல்றாங்க. பேரு, அதுக்கப்பறம் 'நான் ஒரு குடிநோயாளி'. அவ்வளவுதான். எல்லாரும் "வணக்கம்"ங்கறாங்க. அப்பறம் மனசுல இருக்கறதப் பேசறாங்க. எம்பக்கம் வருது, வருது, வந்துருச்சு. எந்திரிச்சுட்டேன். அவருக்காகத்தான வந்துருக்கேன், அவரு பேரச் சொல்லணும்ல? வாயத் தொறந்தேன். வரல. வருமா? பேரச் சொன்னா ஆயுசு கொறையும். ஆயுச நீட்டத்தான வந்துருக்கேன், அங்க நின்னு கொறைக்கவா? எல்லாரும் எம்மூஞ்சியப் பாக்குறாங்க. "என் பேரு பஞ்சவர்ணம்"னேன். அதுக்கப்பறம் என்ன சொல்லணுமோ அதச் சொன்னேன். "நான் ஒரு குடிநோயாளி."

பேரு என்னது. நோவு அவரது. அப்பிடித்தான் ஆச்சு.

ஒருத்தரும் சந்தேகப்படல. எப்பிடிப் படுவாங்க? எந்தப் பொம்பள இதப் பொய்யாச் சொல்லுவா? "வணக்கம் பஞ்சவர்ணம்"னு அத்தன ஆம்பளையும் ஒரே குரல்ல சொன்னாங்க. எனக்கு யாரும் அப்பிடி வணக்கம் சொன்னதில்ல தங்கச்சி. மில்லுல "ஏய் ஏழாம் நம்பரு"ம்பாங்க.

அப்பறம் வாராவாரம் போயி அவரு செஞ்சதையெல்லாம் நான் செஞ்சதாச் சொன்னேன். மக சடங்கன்னைக்கு மாமன் வீட்டுச் சீர்த்தட்டு மேல விழுந்தேன்னு சொன்னேன். நெலக்கோட்ட பஸ் ஸ்டாண்டுல துணி வெலகிக் கெடந்தேன்னு சொன்னேன். ஒருநாள் பழக்க தோசத்துல, "எங்கம்மா செத்தப்ப குடிச்சுட்டுக் கெடந்தேன், கொள்ளி வைக்கக்கூட எந்திரிக்கல, தம்பிதான் வெச்சான்"னு சொல்லிப்புட்டேன். கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கிறப்ப ஆரோக்கியம் சார் மெதுவா, "பொம்பளைங்க கொள்ளி வைக்கிறதில்லையேம்மா"ன்னாரு. "எங்க பக்கம் வைப்போம் சார்"னேன். "ஓகோ"ன்னாரு. பிஸ்கட்டு ஒண்ணு சேத்துக் குடுத்தாரு.

அந்த பிஸ்கட்டத் திங்க மாட்டேன். முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வருவேன். கோயிலுக்குப் போனா துன்னூறு கொண்டாந்து பூசுறதில்லையா, அது மாதிரி. அவருகிட்டக் குடுப்பேன். அவரு தொட்டுக்க ஒண்ணும் இல்லாத அன்னைக்கு அதத் தொட்டுக்கிட்டுக் குடிப்பாரு. எப்பிடியோ உள்ள போனாச் சரின்னு இருந்தேன்.

அங்க யாரும் திட்ட மாட்டாங்க பாத்துக்க. நீ என்ன பாதகத்தச் செஞ்சேன்னு சொன்னாலும் தலைய ஆட்டுவாங்க. "சொன்னதுக்கு நன்றி"ம்பாங்க. "இன்னைக்கு ஒருநாள் குடிக்காம இருப்போம், நாளைய நாளைக்குப் பாப்போம்"பாங்க. எனக்கு அது வசதியா இருந்துச்சு. நான் எல்லா நாளும் குடிக்காமத்தான இருக்கேன். கூட்டம் முடிஞ்சா ஒருத்தரு, "இந்த வாரம் எப்பிடி இருந்துச்சும்மா?"ன்னு கேப்பாரு. நல்லா இருந்துச்சு சார்ம்பேன். என்ன நல்லா இருந்துச்சுன்னு பஸ் ஏறுனப்பறம் ரோசிப்பேன். ஒண்ணும் இருக்காது. ஆனா ஞாயித்துக்கெழம எப்படா வரும்னு இருக்கும். எல்லாம் அவருக்காகத்தான்.

'இங்க கேட்டத இங்கயே விட்டுட்டுப் போங்க'ன்னு போர்டுல சாக்பீஸ்ல எழுதிப் போட்டுருப்பாங்க. ஆனா ஊருக்கு வாய மூட முடியுமா? எங்க ஊருக்காரன் ஒருத்தன் புதுசா வந்தான். ரெண்டு வாரம் வந்தான், நின்னுட்டான். மூணாவது வாரம் மில்லுல எனக்குப் பக்கத்துல சாப்பிடுறவ டிபன தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போயிட்டா. சூப்பர்வைசர் எங்கிட்டப் பேசறாப்புல மோந்து பாக்குறாரு. ஒருத்தி என் தண்ணி பாட்டிலத் தொறந்து மோந்து பாத்துருக்கா. திருப்பூர்லருந்து மக போன் பண்றா, "நீ குடிக்கிறியாம்ல? எங்க மாமியா கேக்குதும்மா, நான் என்னன்னு சொல்ல?"ன்னு அழுவுறா. அப்பாவுக்காகத் தாயின்னேன். "அப்பாவுக்காகக் குடிக்கிறியா?"ன்னு இன்னும் கூட அழுதுச்சு. அவகிட்ட வெளக்கறதுக்குள்ள போன வெச்சுருச்சு. இப்பவும் சரியாப் பேசறதில்ல.

இதுல கூத்து என்னன்னா, கடையில இவருக்கு ஏகப்பட்ட மரியாத. "பாவம்டா, பொண்டாட்டி குடிகாரியாம், அந்தக் கவலையிலதான் மனுசன் குடிக்கிறான்"னு ஆளாளுக்கு வாங்கி ஊத்தியிருக்காங்க. இவரும் இல்லேன்னு சொல்லல. ஒருநாள் வந்து சோத்துல கைய வெச்சுக்கிட்டு, "நீ குடிக்கிறியாமே?"ன்னாரு. "ஆமா, ஒங்களுக்காக"ன்னேன். ரசம் ஊத்துன்னாரு. ஊத்துனேன்.

எனக்குக் கோவம் வரலியான்னு கேக்குறியா? வரல. மெஷினு நின்னப்பறமும் காதுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும் பாரு, அது மாதிரி ஒரு இரைச்சலு. அதுக்குள்ள ஒண்ணும் ஏறாது. கோவமும் ஏறாது, சந்தோசமும் ஏறாது. சோறு ஏறும். தூக்கம் வரும். மனுசிக்கு வேற என்ன வேணும்?

எங்க விட்டேன்? ம். வருசம் ஆச்சு. அங்க குடிய விட்டு வருசம் முடிஞ்சா பொறந்தநாளு கொண்டாடுவாங்க. கேக்கு வெட்டி, மெடலு குடுப்பாங்க. வீட்டாளுகளக் கூட்டிட்டு வரணும். புருசன் குடிச்சா பொண்டாட்டி எந்திரிச்சுப் பேசணும், எப்பிடி இருந்தவரு எப்பிடி ஆயிட்டாருன்னு. ஆரோக்கியம் சார், "ஒங்க வீட்டுக்காரரக் கட்டாயம் கூட்டிட்டு வாங்கம்மா"ன்னாரு. சத்தியமாச் சொல்றேன், எனக்கு அன்னைக்குத்தான் நெஞ்சுக்குள்ள ஏதோ அசைஞ்சுச்சு. ஆளு ஏறி வரப் போறாரு. எடம் தயாரா இருக்கு. அந்த ரூம்ல உக்காந்து அத்தன பேரு சொல்றதக் கேட்டாருன்னா, தன் வாயால ஒரு தடவ அந்த ரெண்டு வாக்கியத்தச் சொல்லிப்புடுவாருன்னு நெனச்சேன். சொல்லிட்டா நேர்த்திக்கடன் முடிஞ்சுச்சு. இத்தன பேச்சுக் கேட்டதும் அதுக்குத்தான்னு ஆயிரும்.

கூப்புட்டேன். வர்றேன்னுட்டாரு. சவரம் பண்ணி, வெள்ளச் சட்டை போட்டு, அன்னைக்குக் காலையில ஒண்ணும் தொடாம வந்தாரு. பெஞ்சுல உக்காந்தவருக்குக் கை ஆடுது. டீ கிளாசப் பிடிக்க முடியல. பாத்தவங்க, பொண்டாட்டிய நெனச்சு ஒடஞ்சு போயிருக்காருன்னு முதுகத் தடவிக் குடுக்குறாங்க. கேக்கு வெட்டுனேன். மெடலு குடுத்தாங்க. "இப்ப பஞ்சவர்ணத்தோட வீட்டுக்காரரு ரெண்டு வார்த்த பேசுவாரு"ன்னாங்க.

எந்திரிச்சாரு. தன் பேரச் சொன்னாரு. எல்லாரும் அந்தப் பேரச் சொல்லி வணக்கம்னாங்க. இப்ப அடுத்த வாக்கியம். சொல்லப் போறாரு, சொல்லப் போறாரு.

"நான் பஞ்சவர்ணத்தோட புருசன்"னாரு.

அப்பறம் பேசுனாரு பாரு தங்கச்சி. அம்புட்டுப் பேசி நான் கேட்டதில்ல. "இவ எப்ப வருவா, எப்பிடி வருவான்னு வாசல்லயே உக்காந்திருப்பேங்க. சோறு ஆறிப் போகும். ஆறுன சோத்துல தண்ணிய ஊத்தி வெச்சுட்டு மறுபடி வந்து உக்காருவேன். செருப்புச் சத்தத்த வெச்சே இன்னைக்கு எம்புட்டுன்னு தெரிஞ்சுரும். மக சடங்குல சீர்த்தட்டு மேல விழுந்தா. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் குனிஞ்சு ஆப்பிளா பொறுக்குனேன், எம்மூஞ்சிய யாரும் பாத்துரக் கூடாதுன்னு ரொம்ப நேரம் பொறுக்குனேன். பஸ் ஸ்டாண்டுல துணி வெலகிக் கெடந்தா, சுத்தி நின்னு வேடிக்க பாக்குறாங்க, நான் போட்டுருந்த மில்லுக் கோட்டக் கழட்டி மூடுனேன்."

மில்லுக் கோட்டுங்கறாரு. அவரு ஏது மில்லு? கொத்துக்கரண்டி புடிக்கிற ஆளு. ஒருத்தரும் கவனிக்கல, எல்லாரும் மூக்க உறிஞ்சிக்கிட்டிருக்காங்க. நான் கவனிச்சேன். ஆரோக்கியம் சார் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

ஒவ்வொரு நாளு விடிஞ்சதும், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல பஞ்சு"ம்பாரு. கல்யாணம் ஆன நாள்லருந்து அதான் சொல்லு. நானும், பாவம், தெரிஞ்சா செய்யறாரு, நெனவு இருந்தா செய்வாரான்னு இருந்தேன். அத வெச்சுத்தான் காலம் ஓடுச்சு. இப்ப எந்திரிச்சு நின்னு ஒண்ணு விடாமச் சொல்றாரு. நான் ஆப்பிளு பொறுக்குனது, ரொம்ப நேரம் பொறுக்குனது, எதுக்காகப் பொறுக்குனேங்கறது வரைக்கும் சொல்றாரு. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல அத.

கடைசியா சொன்னாரு. "ஒருநாள் போதையில இவ ஓங்கி அறைஞ்சுட்டாங்க. அன்னையோட இந்த இடது காது போச்சு. ஊர்ல யாரு கேட்டாலும் மில்லுச் சத்தத்துல போச்சுன்னுதான் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி அதுவே நெசம்னு ஆயிப் போச்சு"ன்னு தன் காதத் தொட்டுக் காட்டுனாரு. காட்டிட்டு அழுதாரு. ரூமே அழுதுச்சு. கோட்டு போட்டவன் வந்து அவரக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். எனக்குப் போட வாங்கி வெச்சிருந்த சால்வையவும் அவருக்கே போட்டுட்டாங்க.

மில்லுச் சத்தத்துலயும் போகும்ல தங்கச்சி? எங்க செக்‌ஷன்ல ரெண்டு பேருக்குக் காது மந்தம். டாக்டருகூடச் சொல்லியிருக்காரு, சத்தத்துல நின்னா போகும்னு. ஒரு காது மட்டும் போகுமான்னு நான் கேட்டதில்ல.

ஏன் நீ அழுவுற? எனக்கே வரல. அந்த ரூம்ல அழுவாம உக்காந்திருந்தவ நான் ஒருத்திதான். கல்லு மனசுக்காரின்னு நெனச்சிருப்பாங்க. குடிகாரிதான, அப்பிடித்தான் இருப்பான்னு நெனச்சிருப்பாங்க.

வீட்டுக்கு வந்தோம். ஒரு வார்த்த பேசல அதப் பத்தி. நானும் கேக்கல. மறுநாள் குடிச்சாரு. ஆனா அடுத்த ஞாயித்துக்கெழம சவரம் பண்ணிட்டு, "கெளம்பலியா?"ன்னாரு. அன்னைலருந்து கூடவே வர்றாரு. எனக்குத் தொணைக்காம். அங்க அவருக்குத்தான் மொத டீ. "இப்பிடி ஒரு புருசன் அமைய நீங்க குடுத்து வெச்சிருக்கணும்மா"ன்னு எங்கிட்டச் சொல்றாங்க. ஆமாங்கன்னு தலைய ஆட்டுவேன். ஞாயித்துக்கெழம கூட்டம் முடியற வரைக்கும் தொட மாட்டாரு. பொண்டாட்டி குடிகாரியா இருக்கற எடத்துக்குப் புருசன் குடிச்சுட்டு வந்தா நல்லாருக்காதுல்ல? பாதி நாள் மிச்சம்தான்.

திரும்பிப் பாக்காத. சரி, பாத்துட்டல்ல. பின்படிக்கட்டுக்கு முன்னாடி சீட்டு, ஜன்னல்ல தலையச் சாச்சுத் தூங்குறாரு. வெள்ளச் சட்டை. அவருதான். பாத்தா தெரியாது. நல்ல மொகம்.

போன வாரம் ஆரோக்கியம் சார் என்னய மட்டும் தனியாக் கூப்புட்டாரு. "கொள்ளி வெச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும்மா"ன்னாரு. "ஏன் சார் அப்பவே சொல்லல?"ன்னேன். "ஒங்களுக்கும் ஒக்கார ஒரு எடம் வேணுமேன்னு விட்டுட்டேன். இப்ப அவரும் வர்றாரு. அவரு கை ஆடுறது எனக்குத் தெரியாதா? நானும் ஆடுனவன். அந்த நாற்காலி அவரோடதும்மா. நீங்க அதுல இருக்கற வரைக்கும் அவரு எங்க போயி உக்காருவாரு?"ன்னாரு.

எனக்குக் கடுப்பாயிருச்சு. அவருக்காகத்தான சார் நான் போட்டு வெச்சிருக்கேன்னு சொல்லிட்டு டீகூடக் குடிக்காம வந்துட்டேன். பெரிய மனுசன் பேசற பேச்சா அது? எடம் புடிச்சுக் குடுத்தவ மேலயே தப்புங்கறாரு. இந்த ஒரு வாரமா அதேதான் ஓடுது மண்டையில. நூலு அத்துப் போயி லைட்டு எரியறதுகூடத் தெரியாம நின்னிருக்கேன், சூப்பர்வைசர் வந்து மோந்து பாத்துட்டுப் போனாரு. துண்டு போட்டா ஆளு வரணும். ஆளு வந்தப்பறமும் துண்டு சீட்டுலயே கெடந்து, ஆளு பக்கத்துல நின்னுக்கிட்டு, துண்டுக்குத் தொணைக்கு வந்தேன்னு சொன்னா அது என்ன கணக்கு?

இந்தா, புது நம்பரு. எழுதிக்க. ஒம்பது எட்டு... நீயே பாத்து எழுதிக்க, இந்தக் காகிதத்துல இருக்கு. ஒண்ணு சொல்றேன் கேளு. நோவு யாருக்கோ அவங்க கையில குடு. நீ அடிக்காத. ஒனக்குன்னா வியாழக்கெழமக் கூட்டத்தக் கேளு. நான் போனதில்ல. நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்.

சர்ச் ஸ்டாப்பா? எறங்கணும், எறங்கணும். கண்டக்டர் தம்பி, விசில் அடிச்சுறாத, ரெண்டு பேரு எறங்கணும். பின்னாடி ஒருத்தரு இருக்காரு.

தூங்குறாரு பாரு. எப்பவும் நாந்தான் பின்னால போயித் தோளத் தட்டுவேன். இன்னைக்கு நடுவுல இம்புட்டுச் சனம் நிக்குதே, எப்பிடிப் போக?

ஏங்க! இந்தாங்க!

கேக்காது. பஸ்ல எல்லா ஆம்பளையும் 'ஏங்க'தான். அந்தா மூணு பேரு திரும்பிப் பாக்குறாங்க, அவரு அசையல. இருப்பா தம்பி, விசில் அடிக்காதங்கறேன்ல.

தங்கச்சி, காதப் பொத்திக்க. மில்லுக்காரித் தொண்ட.

தவமணி! யோவ், தவமணி!

முழிச்சுட்டாரு. யாரு கூப்புட்டான்னு தேடுறாரு பாரு. நாந்தான்யா! எறங்கு. எறங்கி நேரா உள்ள போ. அந்த டீச்சர் நாற்காலியில போயி நீ உக்காரு. பேரக் கேட்டா ஒம்பேரச் சொல்லு, அதுக்கடுத்து என்ன சொல்லணுமோ ஒனக்குத் தெரியும், ஒனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே. நான் வெளிய வேப்பமரத்தடியில நிக்கிறேன். இன்னைக்கு நான் உள்ள வரல, தவமணி.